கைப்பிடிக்கு இடது பக்கம் நின்ற மாப்பிள்ளை

முழுக் காரைப் பார்த்தால் முகம் சுளிக்கிற கார் பைத்தியம் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைப் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊருக்கு அவர் பம்பர் அண்ணாச்சி.

பழைய காலத்துக் காரின் போட்டோவில் விரற்கடை அளவு காட்டினால் அவருக்குப் போதும். ஹெட்லைட் வளையத்தில் கால்வாசி, மட்கார்டின் ஒரு நெளிவு, கதவோரத்துப் பளபளப்புக் கம்பி, ஏதாவது ஒன்று. செத்த நேரம் உற்றுப் பார்ப்பார். "ஆஸ்டின். வைப்பர் மட்டும் பொறவு மாத்துனது" என்பார். தவறிப்போய் முழு போட்டோவைக் காட்டிவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "முழுசாப் பாத்துச் சொல்றதுக்கு நான் எதுக்கு? ரோட்டுல போற எவனும் சொல்லுவானே!"

இத்தனைக்கும் மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்த வாகனம் ஒரு சைக்கிள். அதையும் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

எங்களைப் போல வேலை வெட்டி இல்லாத பழைய கார் ரசிகர்கள் சேர்ந்து 'பாதி வண்டி' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் ஒரு பழைய காரின் போட்டோவை நறுக்கி, ஒரு துண்டை மட்டும் போடுவார். மற்றவர்கள் அது என்ன கார் என்று சொல்ல வேண்டும். நான் அட்மின். சரியான பதிலுக்குப் பச்சை டிக், தப்புக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. அண்ணாச்சி பெருக்கல் குறி வாங்கி யாரும் பார்த்ததில்லை.

இந்த விளையாட்டு குழுவோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அண்ணாச்சி தன் கடையில் கண் பரிசோதனை அட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பம்பர் துண்டின் படத்தை ஒட்டிவைத்தார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் அட்டையில் இருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தார். "சரி, இது என்ன வண்டி?" என்று படத்தைக் காட்டினார் அண்ணாச்சி. தெரியலையே என்றார் பேராசிரியர். "அப்பப் பவர் கூடியிருக்கு" என்று அண்ணாச்சி கண்ணாடிச் சீட்டில் எழுதப் போய்விட்டார். பேராசிரியர் அவர் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் மனுச முகம் என்றால் மட்டும் அண்ணாச்சிக்கு ஒன்றுமே நிற்காது. சொந்த மச்சினன் எதிரே வந்து பல்லைக் காட்டினாலும், "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்பார். ஒருமுறை என்னிடம் தன் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு பிளைமவுத் கார். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, சாய்வாக.

"மதினி எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வண்டிக்குள்ளதான் இருக்கா" என்றார்.

காபி கொண்டுவந்த மதினி டம்ளரை வைத்த வேகத்தில் பாதிக் காபி தரைக்குப் போயிற்று.

இப்படிப்பட்டவருக்கு ஒரே பெண், தேன்மொழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்வந்தவளுக்குத் திடீரென்று பால்கோவாமேல் அபாரப் பிரியம் வந்தது. வீட்டில் பால்கோவா தின்ன ஆளில்லாமல் எனக்கெல்லாம் பொட்டலம் வரத் தொடங்கியபோதுதான் மதினி விசாரித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பால்கோவா கடைக்காரர் மகன் சரவணன். படித்த பையன், குணமான பையன், அவளையே கட்டிக்கொள்வேன் என்று இருக்கிற பையன்.

மதினி சாமர்த்தியசாலி. தரகர் கொண்டுவந்த சம்பந்தம் போல இதைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். போட்டோ விஷயத்தில் மட்டும் தரகருக்குக் கறாரான உத்தரவு: "பக்கத்துல சக்கரமோ, லைட்டோ, ஒரு ஆரன்கூடத் தெரியக் கூடாது!" காரணம் இருந்தது. முன்பு வந்த ஒரு மாப்பிள்ளை காரில் சாய்ந்தபடி போட்டோ அனுப்பியிருந்தான். "பின்லைட்டு வேற வண்டியோடது. வண்டிக்கே உண்மையா இல்லாதவன் பொண்ணுக்கு எப்படி இருப்பான்?" என்று அண்ணாச்சி அவனைத் தள்ளிவிட்டார்.

சரவணனின் போட்டோ வந்தது. கடைக்குள் நின்று சிரிக்கிறான். சக்கரம் இல்லை, லைட் இல்லை. மதினி நிம்மதியாக அண்ணாச்சியிடம் போனை நீட்டினார்.

அண்ணாச்சி பார்த்தார். கடைக்குப் போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து மறுபடி பார்த்தார். சரவணனின் தோளுக்குப் பின்னால், போட்டோவின் ஓரத்தில், வழவழவென்று ஒரு வெள்ளை வளைவு. அதில் பாதி தெரிகிற ஒரு பளபளக் கைப்பிடி.

"என்ன வண்டி இது?" என்றார். பதில் தெரியாமல் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகங்களைப் புரட்டினார், இணையத்தைக் குடைந்தார். "சமஸ்தானத்துக்காரவுக யாரோ சீமையில இருந்து ஒண்ணே ஒண்ணு எறக்கியிருக்காக தம்பி. எம்புட்டு அபூர்வம் பாருங்க!" என்று என்னிடம் வந்து புலம்பினார். மாப்பிள்ளை வீட்டில் பதில் கேட்டுத் தரகரை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வண்டின்னு தெரியாம எப்படிச் சரின்னு சொல்ல?" என்றார் அண்ணாச்சி.

"வண்டிக்கா பொண்ணு குடுக்கப் போறோம்?" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு நாள் தேனுவே கேட்டுவிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"அப்பா, ஒரு தடவையாவது அவுக மூஞ்சியப் பாத்தீகளா?"

"பாத்தேனே. கைப்பிடிக்கு இடது பக்கம் நிக்காரு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னையாவது போட்டோவுல பாத்தா உங்களுக்கு அடையாளம் தெரியுமாப்பா?"

அண்ணாச்சி பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "பக்கத்துல ஏதாச்சும் வண்டி நிக்குதா?" என்றார். தேனு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அந்த மனுசனை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

சாத்துவதற்குப் பதிலாக, மறுநாளே அவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். காரைப் பார்த்துத் தொலைக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்ற எண்ணம்தான். கடையில் நாங்கள் யாரென்று சொன்னதும் சரவணனின் அப்பா எழுந்து வந்து கும்பிட்டார்.

"வாங்க வாங்க, உக்காருங்க."

"உக்கார்றது இருக்கட்டும். கார் எங்க நிக்குது?"

"காரா? எங்ககிட்டக் கார் இல்லீங்களே. ஒரு ஸ்கூட்டர்தான் இருக்கு."

"மறைக்காதீக. காரை மட்டும் காட்டுங்க, இன்னைக்கே பேசி முடிச்சிருவோம்."

பெரியவர் முகம் கறுத்துவிட்டது. "மாப்பிள்ளை வீட்டுல கார் கேக்குறதைக் கேள்விப்பட்டிருக்கேன். பொண்ணு வீட்டுல கார் கேக்குறதை இப்பத்தான்யா பாக்கேன். எங்களுக்கு இது சரிப்படாது. நீங்க போயிட்டு வாங்க!"

போச்சுடா என்று நான் கையைப் பிசைந்தேன். நல்லவேளையாக சரவணனுக்குப் பொறுமை இருந்தது. "எந்தக் கார் மாமா?" என்று கேட்டு, அண்ணாச்சி நீட்டிய போனை வாங்கிப் பார்த்தான். எங்களைக் கடையின் பின்கட்டுக்குக் கூட்டிப்போனான்.

அங்கே சுவரோரமாக நின்றது ஒரு பழைய ஃப்ரிட்ஜ். அவன் தாத்தா காலத்தது. மூலையெல்லாம் உருண்டு, வெள்ளையாக, மார்பளவு உயரத்தில் பளபளக் கைப்பிடியோடு. ஓடாமல் போய் வெகுகாலம். உள்ளே பால்கோவா கட்டுகிற அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

அண்ணாச்சி கைப்பிடியைப் பிடித்துத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். "சத்தம் கார்க்கதவு மாதிரியேதான் இருக்கு" என்றார் ஈனக்குரலில். பிறகு பக்கத்திலிருந்த சீனி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, எனக்குப் பெருக்கல் குறி போட்டுருங்க."

விஷயத்தை நான் விளக்கியதும் பெரியவர் சிரித்த சிரிப்பில் பால் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் அண்ணாச்சி நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான இருக்காரு" என்றார், யாரோ இவ்வளவு நாளாக அவனை ஒளித்துவைத்திருந்தது போல. "சம்பந்தி, காரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என்னையத் தோக்கடிச்ச வீட்டுக்கு எம் பொண்ணைக் குடுக்கேன்."

கல்யாணம் ராஜபாளையத்தில் நடந்தது. மாமனாரின் கிறுக்கைத் தெரிந்துகொண்ட சரவணன், மதுரையில் யாரிடமோ சொல்லிவைத்து, பெண்ணை அழைத்துப்போக ஒரு பழைய கார் வரவழைத்திருந்தான். கரும்பச்சை நிறம். கண்ணாடி போல மின்னுகிற வண்டி. 'பாதி வண்டி' ஆட்கள் சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு மண்டப வாசலில் கூடிவிட்டோம். அண்ணாச்சி என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கத்தான்.

தேனு அழுதுகொண்டே ஏறினாள். வண்டி கிளம்பித் மதுரை ரோட்டில் திரும்பி மறைந்தது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன வண்டி அண்ணாச்சி?" என்றேன்.

"எந்த வண்டி?" என்றார்.

நான் விடுவேனா? புறப்படும்போது எடுத்த போட்டோவை நறுக்கி அடுத்த ஞாயிறு குழுவில் போட்டேன். பின் ஜன்னலின் ஒரு மூலை, கொஞ்சம் கரும்பச்சை, ஒரு கம்பி. அவ்வளவுதான். மோரிஸ் என்றார் ஒருவர், செவர்லே என்றார் ஒருவர். டீ ஆறுவதற்குள் பதில் போடுகிற அண்ணாச்சிக்கு அன்றைக்கு மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு வந்தது:

"வண்டியக் கவனிக்கல தம்பி. ஜன்னல் ஓரத்துல இருக்கிறது எங்க தேனுவோட முழங்கை. சின்னதுல சைக்கிள்ல இருந்து விழுந்த தழும்பு இருக்கு பாருங்க."

நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நறுக்கும்போது அங்கே ஒரு கை இருந்ததையே நான் கவனிக்கவில்லை. தழும்பு இருந்தது.

பச்சை டிக் போட்டேன்.