கடைமடைக்குத் தண்ணீர் எட்டுகிற காலேஜ்

நயினார்கோவில்,
வைகாசி 15.

சென்னைத் துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் மகாராஜஸ்ரீ மாப்பிள்ளை முனியசாமி அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் கூத்தையா தன் சொந்தக் கையால் எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் மகள் செவ்வந்தியும், இரண்டு மாடுகளும் சுகம். அங்கே நீங்களும் என் மகள் இராமலட்சுமியும் சுகமாயிருக்க நாகநாதசாமியை வேண்டிக்கொள்கிறேன். முதியோர் பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துக் கற்று எட்டு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் பிடித்தது. நடுவில் சாப்பிட்டேன்.

செவ்வந்தி எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதும், நாலாயிரம் பேர் படிக்கிற பட்டணத்துப் பெரிய காலேஜில்தான் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் வேறு காலேஜ் பார்த்துவிட்டேன். கோபப்படாமல் கடைசி வரை படிக்க வேண்டும். மாசி மாதம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது கபாலீசுவரர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நான் போனது கோயிலுக்கு இல்லை, அந்தக் காலேஜுக்கு. நாற்பது வருஷம் நீர்பாய்ச்சியாக இந்தக் கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாகத் திறந்துவிட்டவன் நான். எந்தக் கண்மாயையும் கரையில் நின்று பார்த்துப் பெரிது என்று சொல்லிவிட மாட்டேன். கடைமடை வயலில் போய் நின்று கால் நனைகிறதா என்றுதான் பார்ப்பேன். அதனால் நேரே போய் ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் இருநூறு தலை. வாத்தியார் எறும்பு அளவு தெரிந்தார், குரல் அந்த அளவுகூடக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டான். "பெரியவரே, எங்க பய ஒருத்தன் சினிமாவுக்குப் போயிட்டான். நான் தொடையில தட்டும்போது எஸ் சார்னு சொல்லிடுறீங்களா?" என்றான். தட்டினான், சொன்னேன். வாத்தியார் நிமிர்ந்து பார்க்காமலே எழுதிக்கொண்டார். அன்றைக்கு ஆஜர் ஆன கணக்கில் நானும் ஒருவன். அங்கே பெயர்பெற்ற வாத்தியார்கள் எல்லாம் எம்.ஏ. பிள்ளைகளுக்குத்தானாம், முதல் வருஷத்துக்கு யார் மிஞ்சுகிறார்களோ அவர்களாம். தலைமடைக்காரனே வாங்கிக்கொண்டால் நம் பிள்ளைக்கு என்ன வந்து சேரும்?

அப்புறம் இந்தப் பக்கத்திலேயே ஒரு சின்ன காலேஜுக்குப் போனேன். மொத்தம் எண்பது பேர். மணியடித்த மனிதரே உள்ளே வந்து சரித்திரம் சொன்னார், பாதியில் மறுபடி மணியடிக்க ஓடினார். நல்ல மனிதர், பாவம், ஆடு குடிக்கிற ஊரணி மாதிரி, சித்திரை வரை தாங்காது.

மூன்றாவதாகப் போனது மதுரைப் பக்கம். எழுநூறு பேர். பி.ஏ., பி.எஸ்ஸி.யோடு நிறுத்திவிடுகிறார்கள், அதற்கு மேலே கிடையாது. நம் ஊர் கணக்குப்பிள்ளை, "எம்.ஏ. இல்லாததெல்லாம் ஒரு காலேஜாய்யா?" என்று கேட்டார். மேலே வயல் இல்லாவிட்டால் தண்ணீர் முழுவதும் கீழேதானே வரும் என்றேன், போய்விட்டார். அங்கே முதல் வருஷத்துக்குப் பிரின்சிபாலே பாடம் எடுக்கிறார். உள்ளே வந்ததும் முன் பெஞ்சைப் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சில் இருந்த என்னைத்தான் பார்த்தார்.

"தலப்பாக்கட்டு அய்யா, என்ன படிக்க வந்திருக்கீக?"

"கடைசி வரைக்கும் கேக்குதான்னு பாக்க வந்தேன் சாமி."

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"அப்ப வாங்க, போர்டுல பேரை எழுதுங்க."

மாப்பிள்ளை, எழுதினேன். கூத்தையா என்று நாலு எழுத்துக்கு நேரமானது, வகுப்பில் இருந்த அறுபது பிள்ளைகளும் பொறுத்திருந்தார்கள். பிறகு ஒரு கண்மாய்த் தண்ணீரை ஊருக்கே எப்படிப் பங்குவைப்பது என்று கேட்டார், சொன்னேன். அறுபது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் சொல்ல மற்றவர்கள் எழுதியது அதுவே முதல் தடவை. கூட்டத்தில் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர், அவர்களுக்கென்று தனி ஹாஸ்டல், கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், உப்பில்லை.

எங்கே சேர்த்தாலும் சரி என்றுதான் செவ்வந்தி சொல்கிறாள். ஆனால் நம் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போகிறவள், நாலாயிரத்தில் ஒருத்தியாகிக் கரைந்துபோகக் கூடாது. காலேஜில் சேர்வதற்கான பாரம் இத்துடன் இருக்கிறது. தகப்பனார் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டார்களாம். ஜூன் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு. கையெழுத்துக் கோட்டில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருக்கும். அது என்னுடையது, கோட்டைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. அதை அடித்துவிட்டுத் தங்களுடையதைப் போடவும்.

உங்கள் இருவருக்கும் பானையில் அரிசியும் பட்டணத்துக் குழாயில் தண்ணீரும் என்றைக்கும் நிற்காமலிருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கூத்தையா

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் செவ்வந்தியிடம் கொடுத்தேன். பிரின்சிபால் வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். எந்தெந்தக் காலேஜுக்குப் போகிறேன் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன், நான் புறப்படும் முன்னாலேயே அவருக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறாள்: 'எங்கள் தாத்தா பச்சைத் தலைப்பாகையோடு கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். வைய வேண்டாம். ஒரு வார்த்தை பேசுங்கள். அவருக்குப் பெயர் எழுத வரும்.' ஆக, நான் செய்த சோதனை ஒன்றும் சோதனை இல்லை. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடலாம் என்று எழுந்தேன். பிறகு, "மத்த ரெண்டுக்கும் போடலையா ஆத்தா?" என்று கேட்டேன். "மூணுக்கும்தான் தாத்தா போட்டேன். அங்கன மட்டும்தான் கார்டைப் படிச்சிருக்காக" என்றாள். நாற்பது வருஷத்தில் கடைமடைக்காரன் கரைக்கு வந்து கூப்பாடு போடாமல் நானே மடை திறந்ததில்லை மாப்பிள்ளை. அங்கே ஒரு கார்டுக்குத் திறந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடவும்.