இந்த எடத்தைக் கேளுங்க

கேட்க வாருங்கள் என்று அழைத்துவிட்டுக் கேட்க விடாதவர் என்று ஓர் இனம் இருக்கிறது. சினிமாக் கொட்டகையில் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "இப்பப் பாரு, கதவைத் தொறப்பான்" என்று சொல்கிறாரே, அவர் இந்த இனத்துக்குத் தூரத்துப் பங்காளிதான். நான் சொல்ல வந்தது அசல் வாரிசைப் பற்றி. அவர் வீட்டில் இசைத்தட்டுகள் இருக்கும். சொந்த ரசனைக்கு மட்டும் என்று பூட்டி வைக்கிற கருமி அல்ல அவர். நாலு பேரோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சங்கடமே அதுதான்.

எங்களுக்கு வாய்த்தவர் பீளமேடு சென்னகிருஷ்ணன். பம்பு செட் உதிரி பாகக் கடை வைத்திருந்தார். சிங்கப்பூர் மைத்துனர் புண்ணியத்தில் அறுபத்து மூன்று தட்டுகள் சேர்த்திருந்தார். எல்லாம் எண்பதிலிருந்து எண்பத்து நான்குக்குள் வந்த டிஸ்கோ, ஃபங்க் என்கிற மேல்நாட்டு ஆட்டப் பாட்டுகள். உறையில் எண்பத்தைந்து என்று போட்டிருந்தால் தொடமாட்டார். "அதுக்கப்புறம் மிசினு வாசிச்சதுங்க, மனுசன் வாசிச்சதில்லை" என்பார்.

ரசிகர் கூட்டம் என்று பார்த்தால் இரண்டே பேர். இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவான நான் ஒருவன். ஃபவுண்டரியில் லேத் ஓட்டும் மாசாணம் இன்னொருவர். காந்திபுரத்தில் கேசட் பதிந்து கொடுக்கும் கடையில் நாங்கள் இருவரும் ஒரே ஆங்கிலப் பாட்டைப் பதியச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துச் சிநேகமானவர்கள். அதே கடையில்தான் சென்னகிருஷ்ணன் எங்களைக் கண்டுபிடித்தார். தொண்ணூறாம் வருஷத்திலிருந்து நாலு வருஷம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றால் நாங்கள் அவர் வீட்டு மாடியில் இருப்போம்.

முதலில் தட்டு துடைக்கும் வைபவம். மனைவி பங்காரம்மாவின் பழைய பட்டுப் புடவையிலிருந்து கிழித்த துணியால், குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதத்தில் துடைப்பார். அப்போது நாங்கள் மூச்சை அந்தப் பக்கம் விட வேண்டும். பிறகு முன்னுரை. டிரம்ஸ் அடித்தவர் எந்த ஊர், கைதட்டல் சத்தத்துக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்றெல்லாம் வரும்; இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், நாங்களும் கேட்டதில்லை. கடைசியில் ஊசி இறங்கும். தாளம் பிடிக்கும். மாசாணத்தின் வலது கால் ஆட ஆரம்பிக்கும். உடனே சென்னகிருஷ்ணனின் ஆள்காட்டி விரல் மேலே எழும்பும்.

"ஏனுங்க, இந்த எடத்தைக் கேளுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் போய்விட்டிருக்கும். அவரே ஊசியைத் தூக்கிப் பின்னால் வைப்பார். மறுபடி அந்த இடம் வரும். மறுபடி விரல். "இதுதானுங்க, இதேதான்! கேட்டீங்களா?" எதைக் கேட்பது? அவரைத்தான் கேட்டோம்.

நீங்கள் மதராஸ்காரராக இருந்தால், "கொஞ்சம் சும்மா இருய்யா" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பீர்கள். நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். சும்மா இருங்க என்பதற்குப் பின்னால் எத்தனை 'ங்க' போட்டாலும் அது மரியாதையாகாதே! ஆகவே, "அருமைங்க" என்றோம். நாலு வருஷம் அருமைங்க என்றோம்.

இதில் மாசாணத்துக்குத் தீராத ஏக்கம் ஒன்று இருந்தது. பெரிய தட்டு ஒன்றில் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஏழு நிமிடம் இருபது விநாடி என்று உறையில் போட்டிருக்கும். ஐந்தரை நிமிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று அடங்கி, பேஸ் கிடார் மட்டும் தனியாக நடக்கும். அங்கே விரல் எழும்பிவிடும். அதைத் தாண்டி நாங்கள் போனதே இல்லை. திரும்பி வரும் வழியில் பேக்கரியில் டீ குடித்தபடி இருவரும் தர்க்கம் செய்வோம்.

"பட்டுனு நின்னு போயிருங்க, பாருங்க" என்பார் மாசாணம்.

"இல்லீங்க, தேஞ்சு தேஞ்சுதான் போகும்" என்பேன் நான்.

தொண்ணூற்று நாலில் மாசாணத்துக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை விமானம். கடைசி ஞாயிறன்று, மென்று விழுங்கி, கேட்டேவிட்டார்.

"ஏனுங்ணா, போறதுக்குள்ள அந்தப் பாட்டை ஒருக்கா முழுசாக் கேட்டுப்போடலாம்னு ஒரு ஆசைங்க."

சென்னகிருஷ்ணன் திகைத்தார். "நாம எப்பவும் முழுசாத்தானுங்களே கேக்கறோம்?"

நாங்கள் தரையைப் பார்த்தோம். அவருக்கு மெல்ல விளங்கியது. முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "அப்படீங்களா... சரி, உங்களுக்குக் கேசட்டே போட்டுத் தாரனுங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ஒயர் சொருகிப் பதிவு செய்தால் சத்தத்தில் 'காத்து' வராது என்பது அவர் கொள்கை. டூ-இன்-ஒன் பெட்டியை ஸ்பீக்கருக்கு எதிரே வைத்து, அதிலிருக்கும் மைக்கில்தான் பதிவார். ஆகவே குக்கர் இறக்கப்பட்டது. பிள்ளைகள் அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கதவைத் தாழிட்டு, தனியாக உட்கார்ந்து பதிந்து, புதன்கிழமை கேசட்டைக் கொண்டுவந்து மாசாணத்தின் கையில் வைத்தார். "ஒரு வார்த்தை பேசலீங்க!"

அடுத்த ஞாயிறு எனக்குக் காப்பி கொடுத்தபோது பங்காரம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, அன்னைக்கு உள்ளாற யாரு வந்திருந்தாங்க? இவரு பேசிட்டே இருந்தாருங்களே?"

கேசட் மஸ்கட் போய்ச் சேர்ந்து அதற்குள் மூன்று நாளாகியிருந்தது.

மாசாணத்தின் கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. அறையில் இருந்த ஏழு பேரையும் சுற்றி உட்கார வைத்துக் கேசட்டைப் போட்டாராம். ஐந்தரை நிமிடம் வரைக்கும் சுத்தம். வாத்தியங்கள் அடங்கின. பேஸ் கிடார் நடந்தது. "ஏனுங்க, இந்த எடத்தைக் கேளுங்க!" என்றது கேசட். அதோடு நின்றதா? ஆளில்லாத அறைக்கு அந்த இடத்தின் பெருமையை விளக்கிச் சொல்லிக்கொண்டே போய், "எப்படீங்க?" என்று கேட்டு முடிந்ததாம்.

கடிதம் அதற்கு மேலும் இருந்தது. பக்கத்துக் கடையில் அதே பாட்டு சி.டி.யில் கிடைத்ததாம். முதல் சம்பளத்தில் வாங்கி, முதல் தடவையாக முழுசாகக் கேட்டாராம். "ஐந்தரை நிமிசத்துல யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. என்னமோ வெறிச்சுனு இருந்துச்சு. தாங்க மாட்டாம பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பி, இந்த எடத்தைக் கேளுங்கன்னு சொல்லிப்போட்டனுங்க."

சரி, முடிவு? பட்டென்று நிற்கிறதா, தேய்ந்து போகிறதா? அவசரமாகத் தாளைத் திருப்பினேன். கடைசி வரி இது:

"எப்படி முடியுதுன்னு எழுத்துல சொன்னா நல்லா இருக்காதுங்க. லீவுக்கு வாரேன். பக்கத்துல உக்காத்தி வெச்சு, ஒவ்வொரு எடமா நானே சொல்றேன்."

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கடிதத்தை அன்றைக்கே சென்னகிருஷ்ணனிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் படிக்கும்போது பக்கத்திலேயே நின்று, "இப்ப வர்ற வரியைப் பாருங்க" என்று என் விரலும் மேலே எழும்பியிருந்ததைப் பங்காரம்மாதான் பார்த்துச் சிரித்தார்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். இதைப் படித்துவிட்டு யாரிடமாவது கொடுக்கத் தோன்றும், தாராளமாகக் கொடுங்கள். கொடுத்த கையோடு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள் பார்க்கலாம். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, எந்த வரிக்கு வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. முடியுமா? முடியும் என்றால் சந்தோஷம். அந்த விரலை மட்டும் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.