தலை பட்டதா, தோள் பட்டதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை வெர்லன் பிக்கெட் தேவாலயத்தில் பாடவில்லை. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்ற பயம்தான். முந்தின நாள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பைன்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் நீர்நாய்கள் அணி டெல்மார்க்கிடம் தோற்றுப்போயிருந்தது. தோற்றது என்று அவர் காதுபடச் சொல்லக் கூடாது. பறிகொடுத்தது என்று சொல்ல வேண்டும்.

பறிகொடுத்த விதம் இது. ஆட்டம் முடியப்போகிற நேரம். டெல்மார்க் பையன் ஒருவன் தாழ்வாக வந்த பந்தைக் குனிந்து பிடித்தான். நம் ஒன்பதாம் நம்பர் பையன் ஓடிவந்து அவனைச் சாய்த்தான். நடுவர் தப்பாட்டம் என்று மஞ்சள் துணியை வீசிவிட்டார். தோளால் மோதலாம், தலையால் மோதக் கூடாது; இவன் ஹெல்மெட்டை எதிராளியின் தலையில் மோதிவிட்டானாம். படத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு, குற்றம் குற்றமே என்று பையனை மைதானத்தை விட்டே அனுப்பினார்கள். பிற்பாதியில் செய்த தப்பு என்பதால் அடுத்த ஆட்டத்தின் முற்பாதியிலும் அவன் இறங்கக் கூடாது. அது விதி. அவன் போன வழியிலேயே டெல்மார்க்காரன் பந்தோடு ஓடி ஜெயித்துவிட்டான்.

பட்டது தோள்தான் என்று ஊர் முழுக்க நிரூபிப்பது என வெர்லன் முடிவு செய்தார். அலபாமாவில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலில் வீட்டு ஆதரவை வாங்கிவிடலாம் என்று சமையலறைக்குள் நுழைந்தார். மனைவி நாடீன் அந்த அணிக்காக அவரைவிட ஒரு பிடி அதிகமாகவே தொண்டை கிழியக் கத்துகிறவள். அவள் அப்பா பள்ளிக்கூட அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். நடக்கப் பழகுமுன் விதிகளைப் பழகியவள்.

"நாடீன், தோள்தானே பட்டுச்சு?"

அவள் அடுப்பில் வேகிற வேர்க்கடலையில் உப்பைப் போட்டாள். "எனக்கு என்னமோ தலைன்னுதான் தோணுது."

வெர்லன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "என்ன சொன்னே?"

"தலை. நல்லா கவிழ்ந்த தலை."

"ஏண்டி, நீ யாரு வீட்டுல இருக்கே? டெல்மார்க்காரங்க உனக்கு என்ன மாமனா மச்சானா?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல, வெர்லன்."

"தோத்த அன்னைக்கா உனக்கு நியாயம் ஞாபகம் வரணும்?"

"நீ கத்தினா தலை தோளாயிடுமா? இப்படியே பேசிக்கிட்டே இருக்கிறதுக்கு, ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வருகிற சனிக்கிழமை நாடீனின் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையில், அதுவும் நீர்நாய்கள் சொந்த மைதானத்தில் ஆடுகிற நாளில், கல்யாணம் வைக்கிற குடும்பத்தோடு தனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று வெர்லன் அழைப்பிதழ் வந்த அன்றே அறிவித்துவிட்டார். மணப்பெண்ணைத் தொட்டிலில் ஆட்டியவர் அவர். அது வேறு, இது வேறு.

"தலைன்னு முடிவாச்சுன்னா அந்தப் பையனுக்குப் போட்ட தண்டனைதான் உனக்கும்," என்றாள் நாடீன். "அடுத்த ஆட்டத்தோட முதல் பாதியை நீ பாக்கக் கூடாது. அந்த நேரத்துக்குக் கோட்டு போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வரணும்."

"தோள்னு முடிவாச்சுன்னா?"

"கல்யாணம்ங்கிற வார்த்தையையே எடுக்க மாட்டேன். அக்காகிட்ட உனக்கு வயித்துப்போக்குன்னு சொல்லிடறேன்."

வயிற்றுப்போக்கு வெர்லனுக்குச் சம்மதம்.

சாயங்காலம் வேர்க்கடலைக்காகப் பக்கத்து வீட்டு க்ளைடும் அவர் மனைவி வில்மாவும் வந்தார்கள். வில்மாவுக்கு இந்த ஆட்டத்தில் பந்து எந்த வடிவம் என்றுகூட அக்கறை கிடையாது. ஆகவே அவளே நடுவர். வெர்லன் வாதத்தை ஆரம்பித்தார். கழுத்தின் கோணம், முட்டியின் மடிப்பு, காற்றின் திசை. வில்மா மூன்று கொட்டாவி விட்டாள்.

"வாயால சொன்னா அவளுக்குப் புரியாது, கண்ணு," என்றாள் நாடீன், ரொம்ப இதமாக. "செஞ்சு காமி. க்ளைட் பந்தைப் பிடிக்கட்டும், நீ வந்து மோது. தோளுன்னு அவளே சொல்லிடுவா."

வெர்லனுக்கு உச்சி குளிர்ந்தது. எதிர்க்கட்சியே சாட்சிக்கு ஏற்பாடு செய்கிறது.

"என்னை எதுக்குடா மோதணும்?" என்றார் க்ளைட்.

"மெதுவாத்தாண்டா. பஞ்சு மாதிரி. நெஞ்சுல தலையணையைக் கட்டிக்கோ."

நாடீன் உள்ளே போய் அலமாரி மேல் அலங்காரத்துக்கு இருந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்து தானே புருஷன் தலையில் கவிழ்த்தாள். கல்லூரி நாட்களில் வாங்கியது. அதற்குப் பிறகு வெர்லனின் வயிறுதான் வளர்ந்தது, தலை வளரவில்லை. ஹெல்மெட் லொடலொடவென்று ஆடியது. புல்வெளியில் க்ளைட் தலையணை கட்டிய கர்ப்பிணி மாதிரி நின்றார். நாடீன் பந்தை எடுத்தாள்.

"நானே போடறேன். தயாரா?"

வெர்லன் ஓடினார். தோளை முன்னே நீட்டி, தலையை ஒதுக்கி, பாடப்புத்தகத்தில் போடலாம் என்கிற மாதிரி ஓடினார். அந்த நேரம் பார்த்து நாடீன் பந்தை க்ளைடின் முழங்காலுக்கு வீசினாள். க்ளைட் குனிந்தார். வெர்லனின் ஹெல்மெட் சரிந்து கண்ணை மூடியது. உலகம் இருட்டிய நிலையிலும் அவர் நிற்கவில்லை. வீரர் அல்லவா.

மடாரென்று ஒரு சத்தம். க்ளைடின் கட்டுப்பல் பறந்துபோய்ப் பக்கத்தில் வைத்திருந்த வேர்க்கடலைச் சட்டியில் விழுந்தது.

சட்டியை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் அதற்குள் கையை விடவில்லை.

"தலை," என்றாள் வில்மா.

"அவன் குனிஞ்சான்," என்று வெர்லன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முறையிட்டார். "அவன் குனியலேன்னா தோள்தான். நீயே யோசிச்சுப் பாரு வில்மா."

"எனக்கு யோசிக்க ஒண்ணுமில்ல. என் புருஷனுக்குப் பல்லைக் காணோம்."

"க்ளைட், நீயாவது சொல்லுடா."

க்ளைட் சொன்னார். பல் இல்லாததால் ஒன்றும் புரியவில்லை. பாராட்டு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"மறுபரிசீலனையெல்லாம் வேண்டாம்," என்றாள் நாடீன். "தீர்ப்பு உறுதி. சாம்பல் நிறக் கோட்டை நாளைக்கே சலவைக்குப் போட்டுடறேன்."

வெர்லன் அந்த வாரம் முழுவதும் யோசித்தார். குனிகிறவன் மேல் தலை படத்தான் செய்யும். தான் வேண்டுமென்றா மோதினோம்? இல்லை. ஆனாலும் பட்டது தலைதான். அப்படியென்றால் நடுவர் சொன்னதும் சரியாகத்தான் இருக்குமோ? ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு நடுவர் மேல் அவருக்கு இரக்கம் வந்தது. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக் கண்ணாடி மிஞ்சாது. இவ்வளவு நாளும் பெண்டாட்டி நியாயமாகத்தான் பேசியிருக்கிறாள் என்று நினைத்தபோது நெஞ்சு லேசாக உருகக்கூடச் செய்தது.

சனிக்கிழமை தேவாலயத்தில் ஆண்கள் எல்லோரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்து ஆட்டம் பார்த்தார்கள். வெர்லனின் போன் நாடீனின் கைப்பைக்குள் இருந்தது. பின் வரிசையில் யாரோ மெல்ல முனகினார்கள். அது நீர்நாய்களுக்கு நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவர் தவித்தார். பிறகு மணப்பெண் உள்ளே வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. வரமாட்டார் என்றே நினைத்திருப்பாள் போல. நடந்துகொண்டே அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வெர்லனும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

அவர் நாடீன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "நாடீன், நான் ஒத்துக்கறேன். நீ சொன்னதுதான் சரி. அது தலைதான்."

நாடீன் மணப்பெண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள்.

"உளறாதே, வெர்லன். அது சுத்தமான தோள்."