ஐராவதம் ஏழாயிரமும் இருபத்துமூன்று பாட்டில் மொய்யும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டுமாவடிக்குக் கொண்டுவரும் பொறுப்பை மட்டும் எங்கள் கடல்பொருள் உற்பத்தியாளர் சங்கத்திடம் விட்டுவைத்தது. சங்கம் தயங்கவில்லை. ஏழு லிட்டர் கொள்ளளவு, எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ கொண்ட பெட்ரோல் இன்ஜின் பொருத்திய 'ஐராவதம் 7000' என்னும் கனரக பிக்கப் வண்டியைச் சென்ற தை மாதம் வாங்கியது. நண்டு ஏற்ற.

அதற்கு முன்பு சங்கத்திடம் ஒரு சின்ன டீசல் பிக்கப் இருந்தது. பத்து வருடமாகத் தினமும் புதுக்கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதைத் தவிர அதற்கு வேறு எந்தத் தகுதியும் கிடையாது. ஓட்டிய முத்துராஜுக்கே அதை விற்றுத் தொலைத்தோம்.

ஐராவதத்தைப் பரிந்துரைத்தவர் சங்கத்தின் 'தொழில்நுட்ப ஆலோசகர்' நிலவழகன். ஷார்ஜாவில் ஒன்பது வருடம் இருந்தவர். அங்கே ஓர் அரபி முதலாளி இப்படியொரு வண்டியில் தன் வளர்ப்புப் பருந்தை உட்காரவைத்துப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போவாராம். வண்டியைக் கழுவியது நிலவழகன். ஒரு கிலோ பருந்தைச் சுமந்த வண்டி அரை டன் நண்டைச் சுமக்காதா என்ற அறிவியல் அடிப்படையில் செயற்குழு கூடியது.

"டீசல் வண்டின்னா இழுத்துக்கிட்டுக் கெடக்கும்ணே. பெட்ரோல் டர்போ அப்படியில்ல. நின்ன எடத்துலேருந்து நூறு கிலோமீட்டர் வேகம், ஆறே செகண்டு" என்றார் நிலவழகன்.

தலைவர் சவரியப்பன் யோசித்தார். "ஆறு செகண்டுல நம்ம தெருமுக்கு வேகத்தடை வந்துருமேடா?"

"அதத் தாண்டுனா மறுபடியும் ஆறு செகண்டுண்ணே."

"பாரம் ஏத்துனா எம்புட்டுக் குடிக்கும்?"

"ஏத்தலைன்னா கம்மியாத்தாண்ணே குடிக்கும்."

சுமை ஏற்றாத வரை, சுமை வண்டிகளில் அதற்கு நிகரில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. பிறகு எழுத்தர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார்கள். நான் சென்னையில் இரண்டு வருடம் இரவு ஷிப்டில் அமெரிக்கர்களின் வண்டிப் புகார்களைக் கேட்டு, பாதியில் விட்டு ஓடி வந்தவன். இதே மாதிரி இன்ஜினில் படகை இழுத்துப்போன கிழவர் ஒருவர், பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்குகிறது என்று போனில் அழுதிருக்கிறார். இந்த எழுத்தர் வேலையைக் கொடுத்தவர் தலைவர். ஆகவே "நல்ல வண்டிங்க" என்றேன்.

ஒரே ஒரு நிர்வாகச் சிக்கல். எங்கள் ஊரில் படகுக்கு வரி விலக்கில் டீசல் கிடைக்கும். கரையில் டிரம் டிரம்மாக நிற்கும். வண்டிக்குப் பெட்ரோல் என்று தெரிந்தால் பொதுக்குழு எங்களைக் கரையிலேயே காயப்போட்டுவிடும். தலைவர் என் பேனாவைப் பார்த்தார். "தீர்மானத்துல அந்தப் பேரு வேணாம். பொதுவா எழுது." 'எரிபொருள்' என்று எழுதினேன். நல்ல தமிழ்ச் சொல். யாரையும் புண்படுத்தாது.

அந்தத் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் வாசித்தபோது எதிர்ப்புத் தெரிவித்தவர் அன்புச்செல்வி ஒருவர்தான். கரையில் நண்டு தரம் பிரிக்கும் இருபத்துமூன்று பெண்களுக்குத் தலைவி. அந்தக் குழுவுக்கு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் ஒப்பந்தம் கிடைத்திருந்தது. தினமும் காலை பத்து மணிக்குள் ஐஸோடு நண்டு புதுக்கோட்டைக் கிடங்கில் இறங்க வேண்டும். முதல் லோடு தாமதமானால் ஒப்பந்தம் வேறு கரைக்குப் போய்விடும். ஏலக்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நின்ற பெண்களுக்கு முதல்முறையாக நிலையான விலை.

"அண்ணே, எனக்கு ஆறு செகண்டெல்லாம் வேணாம். பத்து மணிக்குப் போனாப் போதும். பழைய வண்டியையே விடுங்க" என்றார் அன்புச்செல்வி.

"அன்பு, முன்னேத்தத்துக்குக் குறுக்க நிக்காத."

முதல் லோடு போகும் காலையிலேயே தொடக்க விழாவும் வைத்தோம். ஒரு பூசணிக்காய் உடைபட்டது, ஒரு சிலுவைக்குறி போடப்பட்டது. வண்டி இரண்டையும் பொறுத்துக்கொண்டது. மேடையில் நிலவழகன் 'நடைமுறையில் பெட்ரோல் டர்போ' என்ற உரையை, பெட்ரோல் என்ற சொல் வராமல், இருபது நிமிடம் நிகழ்த்தினார்.

அப்போதுதான் அந்தப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு கடலில் இறங்கும் நாளில் வீட்டுக்கு ஒரு லிட்டர் டீசல் கொண்டுவந்து டேங்கில் ஊற்றுவார்கள். மொய். நம் எண்ணெயில் ஓடும் படகு நம்மை மறக்காது என்பது நம்பிக்கை. இந்த வண்டிதான் தங்கள் படகு என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

டேங்க் மூடியைத் திறந்துவிட்டு அன்புச்செல்வி என்னைப் பார்த்தார். "தம்பி, புனல் இருக்கா?"

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் ஆலோசகரைப் பார்த்தார்.

"இப்பப் போயி பெட்ரோலுன்னா மேடையிலயே வச்சு மிதிப்பாய்ங்கடா" என்று தலைவர் வாயசைக்காமல் சொன்னார். "கொஞ்சந்தான? தாங்குமா?"

"ஷார்ஜால எல்லாந் தாங்கும்ணே."

தலைவர் எனக்குத் தலையசைத்தார். புனலை எடுத்துக் கொடுத்தேன். இருபத்துமூன்று லிட்டரும் இறங்கியது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் குலவை.

ஏழரை மணிக்குக் கிளம்பினோம். நிலவழகன் ஓட்ட, அன்புச்செல்வி முன்னால் உட்கார, நான் நோட்டோடு பின் சீட்டில். முதல் வேகத்தடை வரை வண்டி உண்மையிலேயே பறந்தது. பிறகு இருமியது. பிறகு வெள்ளைப் புகை. நாகுடிக்கு இங்கிட்டு, ஒரு கருவேலங்காட்டுப் பக்கம், ஐராவதம் மண்டியிட்டது. நாங்கள் வந்திருந்த தூரத்தை அந்த நேரத்தில் சைக்கிளில் வந்திருக்கலாம்.

"என்ன தம்பி, டீசல் தீந்துருச்சா? அம்புட்டு பாட்டில் ஊத்துனோமே" என்றார் அன்புச்செல்வி.

நிலவழகன் எட்டு சிலிண்டர்களையும் வெறித்துக்கொண்டிருந்தவர், கவனம் தப்பிச் சொல்லிவிட்டார். "அதானக்கா பிரச்சின. இது பெட்ரோல் வண்டி."

அன்புச்செல்வி திரும்பி என்னை மட்டும் பார்த்தார். பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் தாரில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவரே முத்துராஜுக்குப் போன் போட்டார். அறந்தாங்கியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் இறக்கிப் போட்டுவிட்டு, நாங்கள் விற்ற அதே வண்டியில் வந்தார். நண்டுப் பெட்டிகளை மாற்றினோம். முத்துராஜ் ஐராவதத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"எத்தன குதிரை சக்திண்ணே?"

"நானூத்தம்பது" என்றார் நிலவழகன்.

"அத்தனையும் ஒண்ணா செத்துருச்சா?"

கிடங்கு வாசலில் போய் நின்றபோது மணி பதினொன்றே முக்கால். காவலாளி கதவைக்கூடத் திறக்கவில்லை. நண்டு சந்தையில் பாதி விலைக்குப் போயிற்று. ஒப்பந்தம் மறுவாரம் வேறு கரைக்குப் போயிற்று. பெண்கள் பழையபடி ஏலக்காரன் முன்னால் போய் நின்றார்கள்.

சங்கம் கை கட்டி நிற்கவில்லை. உடனே விசாரணைக் குழு அமைத்தது. உறுப்பினர்கள்: தலைவர், ஆலோசகர், எழுத்தர். உண்மை தெரிந்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லாததால் இந்தத் தேர்வு. குழு மூன்று அமர்வுகளில் ஒன்பது டீ குடித்து அறிக்கை அளித்தது. இன்ஜினில் குறையில்லை. நடைமுறைக்கு உகந்த வண்டிதான். நடைமுறைதான் வண்டிக்கு உகந்ததாக இல்லை. தகாத எண்ணெயை ஊற்றியது பெண்கள் குழு. இனிமேல் சங்க வாகனங்களுக்குப் பெண்கள் மொய் ஊற்றத் தடை.

பொதுக்குழுவில் அறிக்கையை நான்தான் வாசித்தேன். முடித்ததும் அன்புச்செல்வி எழுந்தார்.

"தம்பி, வண்டி வாங்குன தீர்மானத்தப் படி. அதுல பெட்ரோலுன்னு எங்க எழுதியிருக்கு?"

பக்கத்தைப் புரட்டினேன். நிதானமாகப் புரட்டினேன்.

"இல்லைல? சரி. புனல் எடுத்துக் குடுத்தது யாரு?"

தலைவர் மேசையைத் தட்டினார். "அன்பு, உக்காரு. டீசல ஊத்துனது நீங்க. அதுக்குப் பதிலச் சொல்லு."

"ஊத்துனோம்ணே. இல்லங்கல. நாங்க போட்டது டீசலு. டேங்கக் கழுவுனாப் போயிரும். நீங்க மூணு பேரும் பாத்துக்கிட்டே நின்னு போட்டது மண்ணு. எங்க பொழப்புல." பிறகு என் பக்கம் திரும்பினார். "இத எழுது தம்பி. ஒரு எழுத்து விடாம எழுது."

சபை முழுவதும் என் பேனாவைப் பார்த்தது. தலைவரும் பார்த்தார்.

எழுதினேன்: 'எரிபொருள் குறித்து ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.'