ஹெச்.ஆர். ரவுண்டில் தோற்ற குவாரி நிபுணர்

வேலைக்கு ஆள் எடுக்கிற நேர்காணல்களில் நான் எத்தனையோ பேரை நிராகரித்திருக்கிறேன். அவர்களில் ஒரே ஒருவர் முன்னால்தான் பிறகு கைகட்டி நின்றேன். அதுவும் என் வீட்டு ஹாலில், அம்மா பார்க்க.

தர்மபுரிப் பக்கம் எங்கள் பெயரில் நாலு ஏக்கர் பட்டா உண்டு. (முழுக்கப் பாறை. ஆடுகூட அங்கே மேய யோசிக்கும்.) ஆனால் அடியில் அருமையான கருப்பு கிரானைட். மாணிக்கம் என்பவர் பத்து வருடக் குத்தகைக்கு எடுத்து வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டும் கல்லுக்குக் கனமீட்டர் கணக்கில் எங்களுக்குப் பங்கு. அப்பா புனேயில் ராணுவத் தளவாட ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாணிக்கம் எங்கே விரலை வைத்தாலும் அங்கே கையெழுத்துப் போடுவார். பென்ஷனைத் தவிர அவருக்கும் அம்மாவுக்கும் வந்த வருமானம் அது ஒன்றுதான். குத்தகை முடிய இரண்டு மாதம் இருந்தது. புது ஒப்பந்தத்தில் கோட்டைவிட்டால் இன்னும் பத்து வருடத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நான் அப்போது புனே ஹிஞ்சேவாடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். தலைக்குள் கனம் அதைவிட அதிகம். "இதெல்லாம் புரொஃபெஷனலாப் பண்ணணும்ப்பா. நான் ஒரு எக்ஸ்பர்ட்டைப் பிடிக்கறேன்" என்றேன். அப்பா "சரிடா" என்றார். (யார் எதைச் சொன்னாலும் அவருக்குச் சரிதான்.)

ஆளைப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எங்கள் கம்பெனி வழி. முதலில் ஹெச்.ஆர். ரவுண்ட், அடுத்த வாரம் டெக்னிக்கல் ரவுண்ட், கடைசியில் மேனேஜர் ரவுண்ட். இடம்: புனே வாகட்டில் எங்கள் ஃபிளாட். மூன்று ரவுண்டையும் நடத்துபவர்: அடியேன்.

முதலில் வந்தவர் சபாபதி. கனிமத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். புனேயில் தமிழும் கல்லும் ஒருசேரத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று கேள்வி. ஊரின் மறுகோடியில் இருக்கும் ராஸ்தா பேட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார் பாவம். உட்கார்ந்ததும் பழைய ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிட்டு, "தம்பி, இதுல உடைஞ்ச கல்லுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"சார், சார், அதெல்லாம் டெக்னிக்கல் ரவுண்ட்" என்று கையைக் காட்டி நிறுத்தினேன். "இது ஹெச்.ஆர். அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை நீங்க எங்க பாக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். காபியோடு வந்து நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு எழுபது ஆகப்போகுதுப்பா. ஒண்ணு ராஸ்தா பேட்ல இருப்பேன், இல்லாட்டி சுவத்துல மாலையோட இருப்பேன்."

'தொலைநோக்கு இல்லை' என்று எக்செல் ஷீட்டில் சிவப்புக் கட்டம் போட்டு நிராகரித்தேன். சத்தியமாக.

தேர்வானவர் டை கட்டியவர். நாற்பது ஸ்லைடு காட்டினார். எல்லாவற்றிலும் ஓர் அம்புக்குறி மேலே போயிற்று. மூன்று ரவுண்டிலும் அவருக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

ஒப்பந்த நாளன்று மாணிக்கம் வந்து இறங்கினார். கூடவே, அவருடைய ஆலோசகராக, சபாபதி! (கல்லைப் பற்றித் தமிழில் பேச புனேயில் ஆள் தேடினால் மனுஷன் வேறு யாரிடம் போவார்?)

நம் டைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தியில் ஒரு கேள்வி கேட்டார். நான் கம்பீரமாக மொழிபெயர்த்தேன்: "ஒரு கல் எத்தனை கிலோ வரும்?"

மாணிக்கம் டம்ளரைக் கீழே வைத்தார். "கிலோவா? தம்பி, நாம என்ன வெங்காயமா விக்கறோம்?"

அப்பாவே சிரித்துவிட்டார். டைக்காரர் ஏதோ ஒரு ஸ்லைடைத் தேட ஆரம்பித்தார். அந்தச் சந்தடி சாக்கில் மாணிக்கம் பத்திரத்தை நகர்த்தி, பேனாவை நீட்டி, வழக்கம்போல் விரலை வைத்தார். அப்பாவும் பேனாவை வாங்கிவிட்டார். பத்து வருடம் போச்சு, எல்லாம் என் லட்சணத்தால்!

அம்மா சபாபதியிடம் திரும்பினார். "அண்ணா, அன்னிக்கு உடைஞ்ச கல்லுன்னு ஏதோ சொல்ல வந்தீங்க. இவன் வாயை அடைச்சிட்டான். அது என்ன?"

சபாபதி நெளிந்தார். "இன்னிக்கு நான் அவர் பக்கம்மா. நான் சொன்னா தப்பு."

அம்மாவுக்கு அது போதும். அப்பா கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "அப்ப சொல்றதுக்கு என்னமோ இருக்கு. மாணிக்கம், நீங்களே சொல்லிடுங்க. அதுவரைக்கும் பேனா என்கிட்ட இருக்கட்டும்."

மாணிக்கம் ஃபேனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் கக்கினார். பழைய ஒப்பந்தத்திலும் சரி, இந்தப் புதியதிலும் சரி, முழுக்கல்லுக்கு மட்டும்தான் எங்களுக்குப் பங்கு. வெட்டும்போது உடைந்ததெல்லாம் அத்தனை வருடமும் லாரி லாரியாக ஜல்லி உடைக்கப் போயிருக்கிறது, எங்களுக்குக் காலணா வராமல்! அதற்கும் பங்கு உண்டு என்று அங்கேயே எழுதிச் சேர்த்தார்கள். அம்மா இரண்டு தடவை படித்த பிறகுதான் பேனா அப்பாவிடம் திரும்பியது.

கிளம்பும்போது சபாபதி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "தம்பி, அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?"

நான் கைகட்டி நின்றேன். அம்மா முந்திக்கொண்டார். "அடுப்படியில, அண்ணா."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு குத்தகை விஷயம் முழுக்க அம்மா கையில். அடுத்த ஒப்பந்தத்துக்கு அவர் சபாபதியை, எண்பது வயதானாலும் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லி, முன்கூட்டியே நம் பக்கம் பிடித்து வைத்துவிட்டார், ஒரு ரவுண்டும் வைக்காமல். இன்றும் அந்தப் பேச்சு நடக்கும்போது நான் வாயைத் திறந்தால் அப்பா, "டேய், இது டெக்னிக்கல் ரவுண்ட்" என்பார். நான் எழுந்து காபி போடப் போவேன். பிரமாதமாகப் போடுவேன். அதில் மட்டும் இதுவரை யாரும் என்னை நிராகரித்ததில்லை.