டியாகோவின் தாத்தா

“ஏட்டி மாலா, இந்த இசபெல் எனக்குக் காது கேக்காதுன்னு எழுதியிருக்கா!”

துரைப்பாண்டி லேப்டாப் முன்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். சங்கரன்கோவிலில் வீட்டில் இருந்தபடியே அர்ஜென்டினா நாட்டு இசைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை. பழைய டாங்கோ பாட்டுகளை அவர்கள் மறுபடி சிடியாக வெளியிடும்போது, எத்தனையாவது பாட்டு எது, அதன் பெயர் என்ன என்று சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். மெயிலில் அவன் பெயர் டியாகோ. வேலை பிடித்துக் கொடுத்த சென்னை ஏஜென்சி வைத்த பெயர். ஆள் தன் நாட்டுக்காரன்தான் என்று அந்த முதலாளியும் நம்பிக்கொண்டிருந்தார்.

அதே பாட்டுகளை ஸ்பெயினில் இன்னொரு கம்பெனியும் வெளியிட்டிருந்தது. மூன்றாவது பாட்டில்தான் தகராறு. இவன் சிடியில் அது ‘பாலத்தடியில் மார்த்தா’. அவர்கள் சிடியில் ‘துறைமுகத்து மழை’. உங்கள் பட்டியல் தப்பு என்று இவன் மரியாதையாகத்தான் எழுதினான். அங்கிருந்து இசபெல், ‘காது இருந்தால் மறுபடி கேட்கவும்’ என்று பதில் போட்டுவிட்டாள்.

மாலா தோசைக்கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“பழைய ஒரிஜினல் இசைத்தட்டே எங்கிட்ட இருக்குன்னு ஒரு போடு போடுங்க. வாயடைச்சிருவா.”

“எங்கிட்ட ஏதுட்டி?”

“ஸ்பெயின்ல இருந்து பஸ் ஏறி வந்தா பாக்கப் போறா?”

போட்டான். தோசை வேகுமுன் பதில் வந்தது. ‘என்னிடமும் இருக்கிறது. பாடகரின் கையெழுத்தோடு.’

துரைப்பாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கையெழுத்தோட வச்சிருக்காளாம்!”

“அப்ப அந்தப் பாடகரு எங்க தாத்தான்னு எழுதுங்க. தாத்தாவ விடக் கையெழுத்து பெருசா?”

“எங்க தாத்தா குருவிகுளத்துல ஆடு மேச்சவருட்டி!”

“நான் டியாகோவோட தாத்தாவையில்லா சொல்லுதேன்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எழுதினான். ‘என்னை மடியில் வைத்துத் தாத்தா பாடிய பாட்டுக்கு எனக்கே பெயர் சொல்லித் தருகிறீர்களா?’ என்று ஒரு வரி சேர்த்தும் விட்டான்.

பதில், ‘அன்புச் சகோதரருக்கு’ என்று ஆரம்பித்தது. ‘நான் அவருடைய இரண்டாவது மனைவியின் பேத்தி. எங்கள் பாட்டிக்காக அவர் வைத்த பெயர்தான் துறைமுகத்து மழை.’

துரைப்பாண்டி அதை இரண்டு முறை படித்தான்.

“ஏட்டி, தாத்தாவுக்கு இன்னொரு சம்சாரம் இருந்திருக்கு!” குரல் நிஜமாகவே நடுங்கியது.

“அட பாவி மனுசா!” என்று மாலாவும் வாயில் கை வைத்தாள்.

அதற்குள் முதலாளியிடமிருந்து மெயில். ஒவ்வொரு மெயிலுக்கும் நகல் போய்ப் போய் இரண்டு கம்பெனி முதலாளிகளும் எல்லாவற்றையும் படித்திருந்தார்கள். ‘டியாகோ, இதை ஏன் மறைத்தீர்கள்? பிரிந்த குடும்பம் ஒன்று சேர்கிறது! ஞாயிற்றுக்கிழமை நீங்களும் இசபெல்லும் வீடியோ நேரலையில் தாத்தா பாட்டைச் சேர்ந்து பாடுகிறீர்கள். அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது.’

துரைப்பாண்டி நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தான்.

“மீசைய எடுத்துட்டா டியாகோ மாதிரி இருப்பேனா?”

மாலா கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். “எங்க மூக்காண்டி மாமா மாதிரி இருப்பீங்க.”

வேறு வழியில்லை. இசபெல்லுக்கு மட்டும் தனியாக எழுதினான். நான் அர்ஜென்டினாக்காரன் இல்லை, தமிழ்நாட்டில் சங்கரன்கோவில், தாத்தா என்றது பச்சைப் பொய். நீங்கள் பெரிய இடத்துப் பெண், நேரலை வேண்டாம் என்று நீங்களே சொல்லி என் வேலையைக் காப்பாற்ற வேண்டும். நம்பட்டுமே என்று சொந்தப் பெயர், தெரு, கதவு எண் எல்லாவற்றையும் போட்டான்.

பதிலே இல்லை. மதியம் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே மெயிலைத் திறந்து திறந்து பார்த்தான்.

சாயங்காலம் வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. பின்னால் காலிப் பூக்கூடை. வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கி, கதவு எண்ணைப் படித்துப் பார்த்தார்.

“வாங்க அண்ணாச்சி, யாரு வேணும்?” என்றான் துரைப்பாண்டி.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவில் யாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“டியாகோ நீருதானா வே? எம்பேரு சுடலைமணி. நான் இசபெல்லோட அப்பா.”