கைப்பிடியில் தொங்கிய முலாம்பழம்

கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. பைக்குள் மரப்பெட்டி. பெட்டிக்குள், மெல்லிதாகச் சீவிய காகிதத்தின் மேல், பிறந்த குழந்தையைக் கிடத்தியதுபோல் ஒரு முலாம்பழம்.

“பக்கத்து வீட்டுக்காரங்க,” என்றாள் நோலின். அவள் முகம் வெளுத்திருந்தது.

“பழம்தானே குடுத்திருக்காங்க? கடன்காரன் வந்து நின்ன மாதிரி முழிக்கறே,” என்றார் மெர்வின். தலையில் தொப்பியும், சட்டைப்பையில் மடித்த வரைபடமுமாக அவர் கிளம்பத் தயாராக நின்றிருந்தார்.

மெர்வின் டூலி மெல்போர்னில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். டோக்கியோவில் பழைய நகர டிராம் ஒன்று, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டு அதில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்வர வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை. கோயில், கோபுரம் எல்லாம் மனைவி நோலினின் இலாகா. ஓட்டலில் தங்கக் கட்டுப்படியாகாது என்பதால் இரண்டு வாரத்துக்கு வீட்டை மாற்றிக்கொண்டார்கள். குரோய்வா தம்பதி மெல்போர்னில் இவர்கள் வீட்டில் இருந்தார்கள். இவர்கள் இங்கே, அவர்களுடைய ஐந்தாம் மாடிக் குடியிருப்பில்.

வினையை விலைக்கு வாங்கியவள் நோலின்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள் அக்கம்பக்கத்துக்கு ஏதாவது கொடுப்பது ஜப்பானிய வழக்கம் என்று எங்கோ படித்திருந்தாள். வந்த அன்றே ஒரு பெட்டி இனிப்பு வாங்கினாள். போன் மொழிபெயர்த்துத் தந்த ஜப்பானிய வாசகத்தை ஓர் அட்டையில் கோலம் போடுவதுபோல் பார்த்துப் பார்த்து வரைந்தாள். மணி அடித்தும் யாரும் வராததால், பக்கத்து வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பதில்தான் இந்தப் பழம்.

பழத்தோடு வந்த அட்டையைப் போனில் காட்டினாள். ‘எளிய எங்கள் முலாம்பழத்தை மன்னித்தருளுங்கள்’ என்று வந்தது.

“என்ன ஒரு பணிவு பாரு,” என்று மெர்வின் உருகிப்போனார். “சரி, சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்.”

“அந்தம்மாவைக் கேட்டுக்கறேன்.”

குரோய்வா அம்மாள் போன் திரையில் வந்தாள். மெர்வினின் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்திருந்தாள்.

“பதில் மரியாதை செய்யாம விட்டுடாதீங்க நோலின். பக்கத்து வீட்டம்மாவும் நானும் வருஷக்கணக்கா முகம் பார்க்காம இருந்தோம். இப்பத்தான் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் தலையாட்டறோம். என் மானம் உங்க கையிலதான் இருக்கு.”

டிராமுக்குப் போக வேண்டியவர்கள், கடைவீதிக்குப் போய் ஒவ்வொன்றும் துடைத்து வைத்தாற்போல் பளபளத்த திராட்சை வாங்கிவந்து மாட்டினார்கள். மறுநாள் பனிக்கட்டிப் பெட்டியில் நண்டு வந்தது.

“இதுக்கு என்னத்தைக் குடுக்கறது?” என்றாள் நோலின்.

“முதல்ல இதை என்ன பண்றது? கெட்டுப்போயிடும்.”

அன்று முழுவதும் நண்டை உடைப்பதிலேயே போனது. மெர்வின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்; அதிலும் நண்டு வாசனை.

“சின்னதா ஏதாவது குடுப்போம். அவங்களும் இறங்கி வருவாங்க,” என்று அவரே ஒரு வழி சொன்னார். நீலப் பூப்போட்ட துண்டுகள் இரண்டை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் வாசலில் ஒரு பட்டுப் போர்வை இருந்தது.

“நீ குடுத்த யோசனைதான்,” என்றாள் நோலின்.

“அந்த இனிப்பு மட்டும் என் யோசனையாக்கும்?”

கடைசியில் எதையும் கொடுக்காமலே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரப் படிக்கட்டு வழியாக இறங்கி, டிராமைப் பிடித்துவிட வேண்டும். விடிந்ததும் மெர்வின் ஓசைப்படாமல் கதவைத் திறந்தார். வாசலை அடைத்துக்கொண்டு ஓர் அரிசி மூட்டை.

அட்டையில், ‘உங்கள் மௌனத்தால் எங்கள் வீடு நடுங்குகிறது. எங்கள் பிழை எதுவோ அதைப் பொறுத்தருளுங்கள்’ என்று இருந்தது.

நோலின் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “கோவிச்சுக்கிட்டோம்னு நினைச்சுட்டாங்க. பாவம் டெஸ்ஸி குரோய்வா, ரெண்டு வீட்டுக்கும் மறுபடி ஆகாம போயிடப்போவுது.”

“அந்தம்மா பேரு டெஸ்ஸி இல்லை.”

“இப்ப அதுவா முக்கியம்?”

நேரில் பேசித் தீர்த்துவிடலாம் என்று மெர்வின் பக்கத்து வீட்டு மணியை அடித்தார். உள்ளே காலடிச் சத்தம் ஓடியது. எதுவோ விழுந்தது. பிறகு மூச்சுச் சத்தம்கூட இல்லை. மாலையில் இவர்கள் வீட்டு மணி அடித்தது. அதற்குள் இவர்களுக்கே தெம்பு போயிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். மணி இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது.

“நாம ஏன் படுத்திருக்கோம்?” என்று கிசுகிசுத்தார் மெர்வின்.

“தெரியலை. எழுந்துக்காதே.”

இப்படியே இரண்டு வாரமும் கரைந்தது. கிளம்புகிற காலையில் மெர்வின் பல் துலக்கியபடி, “டிராம் எங்கே ஓடிடப்போவுது, பரவாயில்லை,” என்றார். ஆனால் இந்த வயதில் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வர முடியாது என்பது அவருக்கும் தெரியும், நோலினுக்கும் தெரியும். அவள் அவருடைய தொப்பியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

கீழே காவலாளி நாகுமோ தன் அறை வாசலில் நின்று குனிந்து வணங்கினார். ஒரு காலத்தில் கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றியவர், ஆங்கிலம் பேசுவார். ஆனால் கேட்டால்தான் பேசுவார், அதுவும் அடுத்த வீட்டு விஷயம் என்றால் வாயே திறக்க மாட்டார்.

“நல்லா சுத்திப் பார்த்தீங்களா?”

“கடைத்தெருவை நல்லாப் பார்த்தோம்,” என்றார் மெர்வின். அரிசி மூட்டையை இறக்கி வைத்தார். “இதை நீங்க வச்சுக்குங்க. எங்க பக்கத்து வீட்டு ஜப்பான்காரங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். குரோய்வா அம்மா மேல அவங்களுக்கு எந்த வருத்தமும் வேண்டாம். மரியாதையில அவங்களை எங்களால ஜெயிக்க முடியாது. தோத்துட்டோம்னு சொல்லுங்க.”

நாகுமோ மூட்டையை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தார். அறையில் இடமே இல்லை. அலமாரியின் மேல் நீலப் பூப்போட்ட துண்டுகள் ஒரு பெட்டியில் அப்படியே இருந்தன.

“இது நாங்க அவங்களுக்குக் குடுத்ததாச்சே?” என்றாள் நோலின்.

நாகுமோ மூட்டையை அலமாரி ஓரமாகத் தள்ளினார்.

“எந்த ஜப்பான்காரங்க? குரோய்வா அம்மா வீடு மாத்திக்கிட்டு ஊர் சுத்தப் போறாங்கன்னதும், அந்த வீட்டம்மாவும் போட்டிக்கு மாத்திக்கிட்டு நியூசிலாந்து போயிட்டாங்க. அங்கேருந்து இங்க வந்த பெரியவர்தான், ‘பக்கத்து வீட்டு ஜப்பான்காரங்க மரியாதை தாங்க முடியலை, ஆசைப்பட்டு வந்த டிராம்ல ஒரு தடவைகூட ஏறலை’ன்னு இதைக் குடுத்துட்டு, இப்பத்தான் கண்ணைத் துடைச்சுக்கிட்டே கிளம்பினாரு.”